செயப்பாட்டுவினையில் விற்கப்படும் கார்

இலக்கியம் பேசும் இடத்தில் நூற்றிருபது ஆண்டுப் பழைய அமெரிக்கக் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் நான் பேச வந்தது காரைப் பற்றி மட்டுமன்று. அதைச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக எழுதப்படும் உரைநடையைப் பற்றியும்தான். மேலைநாட்டு ஏல நிறுவனங்களும் வணிகர்களும் வெளியிடும் விற்பனைக் குறிப்புகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வாங்கும் வசதி எனக்கில்லை. கல்லூரி ஆசிரியனின் ஊதியத்தில் அக்கார்களின் பித்தளை விளக்கு ஒன்றைக்கூட வாங்கிவிட முடியாது. ஆனால் வாசிக்கக் காசு தேவையில்லை. பதிப்புகளையும் பாடபேதங்களையும் வகுப்பில் விளக்கிப் பழகியவனுக்கு, ஒரு பத்தி எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் கண் போகும்.

இவ்வகைக் குறிப்புகளுக்கு ஒரு பொது வாய்பாடு உண்டு. கார் ‘1904ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக நம்பப்படுகிறது’. அதன் தொடக்க வரலாறு ‘அறியப்படவில்லை’. அது ‘முன்னொரு காலத்தில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’. ‘உயர்ந்த தரத்தில் வண்ணம் பூசப்பட்டுள்ளது’. எஞ்சின் ‘அண்மையில் சீர்செய்யப்பட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது’. இறுதியாக, வாங்குவோர் தாமே சோதித்து மனநிறைவு கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை. நம்பியவர் யார்? புதுப்பித்தவர் யார்? எந்த ஆண்டில்? எதை எடுத்துவிட்டு எதை வைத்தார்? தெரிவித்தவர் யார், யாரிடம் தெரிவித்தார்? இவ்வாக்கியங்கள் அனைத்திலும் எழுவாய் இருக்கிறது, கருத்தாதான் இல்லை. காரே எழுவாயாக நின்று எல்லா வினைகளையும் தாங்கிக்கொள்கிறது. செய்தவர் ஒருவரும் இல்லை. செயப்பாட்டுவினைக்கு இப்படியொரு வணிகப் பயன் உண்டென்று நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் குற்றச்சாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காரைப் பழுது பார்ப்பது குற்றமன்று. உறுப்புகளை மாற்றுவதும் குற்றமன்று. மாற்றியதைச் சொல்லாமல் ஆண்டை மட்டும் சொல்லி விற்பதுதான் குற்றம். வாங்குபவர் ஏமாறுகிறார் என்பது அதில் சிறிய பகுதி. ஒரு காலத்தின் தொழில்நுட்பச் சான்று அழிந்துபோகிறது என்பதே பெரிய பகுதி.

பேச்சு பொதுவாகப் போய்விடாதிருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சந்தைக்கு அடிக்கடி வருகிற அமெரிக்கக் கார்களுள் ஒன்று ‘கர்வ்ட் டேஷ்’ ஓல்ட்ஸ்மொபில். கால்வைக்கும் பலகை முன்புறம் பனிச்சறுக்கு வண்டியைப்போல் மேல்நோக்கி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். 1864இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்த ரான்சம் ஓல்ட்ஸ் அதை 1901இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 650 டாலர். இருக்கைக்கு அடியில் படுத்த வாக்கில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். தொடக்கத்தில் ஐந்து குதிரைத் திறனுக்கும் குறைவு. முன்னோக்கி இரண்டே கியர்கள். பின்னச்சுக்குச் சங்கிலி வழியே விசை போகும். ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. படகின் சுக்கானைப்போல் ஒரு பிடியைத் திருப்பி வண்டியைத் திருப்ப வேண்டும். முன்னச்சிலிருந்து பின்னச்சு வரை நீளும் இரண்டு நெடிய பட்டைவில்களே அடிச்சட்டத்தின் பக்கங்களாகவும் பயன்பட்டன. மொத்த எடை ஏறத்தாழ 300 கிலோ. எஞ்சின் அவ்வளவு நிதானமாகச் சுழன்றதால், தந்திக்கம்பத்துக்கு ஒரு வெடிப்பு என்று அக்காலத்தவர் கேலி செய்ததுண்டு.

இந்த எளிய வண்டிக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது அதன் அழகால் அன்று, எண்ணிக்கையால். 1901இல் 425, 1902இல் 2,500, அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் அதிகம். ஒரே மாதிரியான பெட்ரோல் காரை ஆயிரக்கணக்கில் செய்து விற்ற முதல் அமெரிக்க நிறுவனம் ஓல்ட்ஸுடையதே. அவர் எல்லாவற்றையும் தாமே செய்யவில்லை. எஞ்சின்களை ஹென்றி லேலண்டின் பட்டறையிலிருந்தும், கியர் பெட்டிகளை டாட்ஜ் சகோதரர்களிடமிருந்தும் வாங்கினார். அந்த லேலண்ட் பின்னர் கேடிலாக்கை உருவாக்கினார். டாட்ஜ் சகோதரர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர்கள் பெயரைத் தாங்கிய கார்களே சொல்லும். டெட்ராய்ட் நகரத்தின் கார்த் தொழிலில் பாதி இந்தச் சிறு வண்டியின் சுற்றுப்புறத்தில்தான் தொழில் பயின்றது. ஓல்ட்ஸ் 1904இல் பங்குதாரர்களுடன் பிணங்கி வெளியேறித் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே ‘ரியோ’ என்னும் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய நிறுவனத்தை 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 2004 ஏப்ரல் 29 அன்று லான்சிங் நகரில் கடைசி ஓல்ட்ஸ்மொபில் வெளிவந்தது. அத்துடன் அப்பெயர் முடிந்தது.

இவ்வரலாற்றிலும் ஒரு கட்டுக்கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1901 மார்ச் 9 அன்று டெட்ராய்ட் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. எல்லா மாதிரி வண்டிகளும் சாம்பலாக, கர்வ்ட் டேஷ் ஒன்றை மட்டும் ஓர் ஊழியர் வெளியே தள்ளிக் காப்பாற்றினார் என்றும், வேறு வழியின்றி அதையே தயாரிக்க நேர்ந்தது என்றும் கதை. தீக்கு முன்பே அச்சிறு வண்டியில் கவனம் குவிப்பதென்று நிறுவனம் முடிவு செய்துவிட்டது என்பது ஆய்ந்தவர்களின் கருத்து. ஆயினும் விற்பனைக் குறிப்புகளில் நெருப்பு இன்றும் அணையவில்லை. இருபது வரிகள் எழுத இடமிருக்கும் குறிப்பில் எட்டு வரிகளைத் தீ எடுத்துக்கொள்கிறது. கண்முன் நிற்கும் காரின் சிலிண்டர் யாருடைய வார்ப்பு என்பதைச் சொல்ல இடமிருப்பதில்லை.

இனி ஆண்டுக் கணக்குக்கு வருவோம். இக்கார்கள் பிறந்தது அமெரிக்காவில். ஆனால் இவற்றின் விலையை உயர்த்துவது இங்கிலாந்தில் ஒரு நாள் நடக்கும் ஓட்டம். சாலையில் தானே ஓடும் வண்டிகளுக்கு இருந்த மணிக்கு நான்கு மைல் என்னும் வேகக் கட்டுப்பாட்டை 1896இல் ஒரு சட்டம் தளர்த்தியது. அதைக் கொண்டாட அவ்வாண்டு நவம்பர் 14 அன்று சிலர் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓட்டிச் சென்றனர். 1927இல் தொடங்கி அதன் நினைவாக நவம்பர் மாதத்தில் ஓட்டம் நடந்துவருகிறது. கலந்துகொள்ளும் கார் 1905 சனவரி 1க்கு முன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. 1930இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் கார்களை ஆராய்ந்து வயது நிர்ணயிக்கிறது. ‘வெட்டரன்’ என்ற சொல்லே அங்கு இந்த எல்லையோடு பிணைந்துவிட்டது. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் இக்காலத்தைப் ‘பித்தளை யுகம்’ என்று பொதுவாக அழைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே 1904க்கும் 1906க்கும் இடையில் மதில் எதுவும் இல்லை. பிரைட்டன் சாலைதான் அந்த மதிலைக் கட்டியது.

விளைவு என்ன? டிசம்பரில் செய்த காருக்கு ஒரு விலை. சில வாரங்கள் கழித்து அதே பட்டறையில் அதே கைகள் செய்த காருக்கு வேறு விலை. 1904இன் கர்வ்ட் டேஷுக்கும் 1905இன் கர்வ்ட் டேஷுக்கும் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அக்கால அமெரிக்க நிறுவனங்கள் பல சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தவை. பலவற்றின் பதிவேடுகள் எஞ்சவில்லை. ஆண்டை முடிவு செய்ய எஞ்சியிருப்பவை எஞ்சினில் பதித்த எண், ஒரு பித்தளைத் தகடு, சில உறுப்புகளின் வடிவம் ஆகியவைதாம். இவை ஒவ்வொன்றும் கழற்றக்கூடியது, மாற்றக்கூடியது. பணமும் கழற்றக்கூடிய தகடும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் குற்றவியல் அறிவு தேவையில்லை. 1950களின் இறுதியிலிருந்து கர்வ்ட் டேஷைப் பார்த்துச் செய்த போலி வண்டிகள் அமெரிக்காவில் வெளிப்படையாகவே விற்கப்பட்டன. அவை தம்மைப் போலி என்றே சொல்லிக்கொண்டன. ஆகவே அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை. நான்கு கார்களின் எச்சங்களிலிருந்து ஒரு காரைக் கட்டி, அந்நான்கில் மூத்ததன் ஆண்டை அதற்குச் சூட்டுகிற நேர்த்தியான வேலையின்மேல்தான் கோபம்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உறுப்புகளை மாற்ற முடியும் என்பதுதானே அமெரிக்கக் காரின் பெருமை? 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் லேலண்டின் கேடிலாக் கார்கள் மூன்றை முற்றிலும் பிரித்தார்கள். எல்லா உறுப்புகளையும் ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றுள் 89 உறுப்புகளை எடுத்துவிட்டு விற்பனைக் கையிருப்பிலிருந்து வேறு 89 வைத்தார்கள். பின் அந்தக் குவியலிலிருந்து எளிய கைக்கருவிகளால் மூன்று கார்களை மீண்டும் கட்டி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. அவ்வாண்டுக்குரிய டூவர் கோப்பை கேடிலாக்குக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொரு உறுப்பையும் அரத்தால் ராவிப் பொருத்திக்கொண்டிருந்த ஐரோப்பியக் கைவினைஞர்களின் உலகில் அது ஒரு புரட்சி. அந்த மூன்று கார்களில் எது ‘அசல்’ கார் என்று யாராவது கேட்டால் லேலண்ட் சிரித்திருப்பார். அப்படியிருக்க, மாற்றிய உறுப்புக்காக இன்று நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும் என்பது வாதம்.

வாதம் கூர்மையானதுதான். ஆனால் அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் நடந்தது. எத்தனை உறுப்புகள் மாற்றப்பட்டன என்பது எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதால்தான் 89 என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. மாற்றத்தின் கணக்கே அங்குச் சாதனையின் சான்று. கணக்கை எடுத்துவிட்டால் எஞ்சுவது மூன்று கார்கள் மட்டுமே. யாரும் கோப்பை தந்திருக்க மாட்டார்கள். லேலண்டைத் துணைக்கழைப்பவர்கள் அவருடைய குறிப்பேட்டையும் சேர்த்து அழைக்க வேண்டும். 1906இல் ஒரு சிற்றூர் மருத்துவர் தம் காரில் உடைந்த அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து ஒட்டவைத்திருந்தால், அந்த ஒட்டு அக்காரின் வரலாறு. ஒரு பட்டறை அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் பளபளக்கும் புதிய அச்சை வைத்து எதுவும் சொல்லாதிருந்தால், அது வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழித்த செயல்.

காயம் எப்படிச் சான்றாகிறது என்பதற்கு ஒரு காரின் கதை போதும். 1908 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி பாரிஸில் முடிந்த பந்தயத்தை வென்றது, பஃபலோ நகரில் செய்யப்பட்ட தாமஸ் ஃபிளையர். அதை ஓட்டியவர் ஜார்ஜ் ஷுஸ்டர். பிற்காலத்தில் அக்கார் கைமாறிக் கைமாறி, 1960களில் நெவாடாவில் சூதாட்ட விடுதிகள் நடத்திய வில்லியம் ஹாராவின் சேகரிப்புக்கு வந்தது. இதுதான் அந்தக் கார் என்பதை எப்படி உறுதி செய்வது? முதுமையடைந்திருந்த ஷுஸ்டரை வரவழைத்தார்கள். வழியில் எங்கெங்கே உடைந்தது, எப்படி ஒட்டவைத்தோம் என்று அவர் சொன்னார். காரைப் பிரித்தபோது அந்தப் பழுதுகள் உள்ளே இருந்தன. அது உண்மையான கார் என்பதைக் காட்டியவை அதன் தழும்புகள். ஹாரா அடுத்துச் செய்ததையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் பளபளப்புக்கு அதை மீட்கவில்லை. பாரிஸை அடைந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு மீட்டார். எந்த நாளுக்கு மீட்பது என்று கேட்டுக்கொண்டு வேலை தொடங்கியவர் அவர். நம் விற்பனைக் குறிப்புகளில் இந்தக் கேள்வியின் நிழலைக்கூடக் காண முடிவதில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய நெறியன்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குப் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் இடையிடையே அடிகள் சிதைந்துள்ளன. 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு அவ்விடங்களில் ஆசிரியப்பா அடிகளைப் புனைந்து நிரப்பும் புலமை இல்லாமலா இருந்தது? அவர் நிரப்பவில்லை. புள்ளியிட்டு வெற்றிடம் விட்டார். அந்தப் புள்ளிகளை நம்பித்தான் எஞ்சிய அடிகளையும் நாம் நம்புகிறோம். எல்லா இடமும் நிரம்பிய ஒரு புறநானூறு நம் கைக்கு வந்திருந்தால் எந்த அடி பழையது என்பதே தெரியாமல் போயிருக்கும். குறைகளைக் காட்டும் பதிப்பே நம்பத்தக்க பதிப்பு. காருக்கும் இதுவே பொருந்தும்.

சேகரிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்படும் மற்ற வாதங்களையும் பார்ப்போம். ‘நாங்கள் இல்லாவிட்டால் இவை இரும்புக்குப் போயிருக்கும்’ என்கிறார்கள். உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நடந்த பழைய இரும்புத் திரட்டலில் எண்ணற்ற பழங்கார்கள் உலைக்குப் போயின. 1930களில் அங்குத் தோன்றிய சங்கங்களும் அவற்றின் பித்துப்பிடித்த உறுப்பினர்களும் இல்லையெனில் எஞ்சியவை மேலும் குறைந்திருக்கும். அதற்கான நன்றியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றியவருக்கு மாற்றி எழுதும் உரிமை வந்துவிடுவதில்லை. சுவடியை அடுப்பிலிருந்து எடுத்தவர் அதன் ஆசிரியராகிவிட முடியாது.

‘ஓடாத கார் பிணம், ஓடவைக்க மாற்றத்தான் வேண்டும்’ என்பது அடுத்தது. இதை முழுமையாக ஏற்கிறேன். 1905இல் இரண்டு கர்வ்ட் டேஷ் கார்கள் நியூயார்க்கிலிருந்து பசிபிக் கரையோர மாநிலமான ஆரிகனின் போர்ட்லண்ட் வரை போட்டியிட்டு ஓடின. முந்தியது 44 நாள்களில் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட வண்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் வைத்திருப்பது எனக்கும் உவப்பானதன்று. ஓடட்டும். புதிய டயர் போடட்டும், புதிய சங்கிலி மாட்டட்டும். மாட்டிய சங்கிலியில் ஆண்டைப் பொறித்துவிட்டு, கழற்றிய சங்கிலியை ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு கொடுக்கட்டும். இதனால் வேகம் ஒரு மைல்கூடக் குறையாது.

‘இப்போதெல்லாம் நாங்கள் புதுப்பிப்பதில்லை, பழமையை அப்படியே வைத்திருக்கிறோம்’ என்பது மூன்றாவது. புதிய நாகரிகமும் இதுவே. வைக்கோற் களஞ்சியத்தில் கண்டெடுத்த கார் தூசியோடும் எலிக்கூட்டோடும் ஏல மேடைக்கு வருகிறது. முன்பு பளபளப்புக்குக் கொடுத்த விலையை இப்போது துருவுக்குக் கொடுக்கிறார்கள். இதில் நல்லது உண்டு என்பதை மறுக்கவில்லை. தோலையாவது உரிக்காமல் விடுகிறார்கள். ஆனால் விலை வைத்தவுடன் துருவையும் தயாரிக்கக் கற்றுக்கொள்வார்கள். எனவே பளபளப்பா துருவா என்பது உண்மையான கேள்வியன்று. எழுதிய கணக்கு இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

‘என் பணம், என் கார்’ என்பது கடைசி வாதம். சட்டப்படி சரி. ஆனால் மேலே பாராட்டிய ஹாராவையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,400 கார்கள் சேர்த்தார். 1978இல் இறந்தார். அவர் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. 1980களின் நடுவில் கார்களில் பெரும்பகுதி ஏலத்தில் சிதறியது. பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பின் எஞ்சிய ஒரு சிறு பகுதிதான் ரீனோ நகரின் அருங்காட்சியகமாயிற்று. தாமஸ் ஃபிளையர் அங்கே இருப்பது நம் நல்லூழ். மிகப் பெரிய சேகரிப்பாளரின் உடைமைக்கே ஆயுள் இவ்வளவுதான். நூற்றிருபது ஆண்டுக் காருக்கு இன்றைய உரிமையாளர் என்பவர் ஒரு வழிப்போக்கர். அவருக்கு முன் பத்துப் பேர். பின்னும் பத்துப் பேர் வரக்கூடும். அவர் எழுதிவைக்கும் நான்கு பக்கங்களே அவரைவிட நெடுநாள் வாழும்.

நான் கேட்பது புதுமையானதன்று. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் ஏறத்தாழ இதையே சொல்கிறது: செய்த வேலைகளை ஆவணப்படுத்துக, மாற்றிய உறுப்புகளை அடையாளம் தெரியும்படி குறியிடுக. ஆனால் சாசனத்துக்குச் சட்டத்தின் கை இல்லை. ஏல மேடையின் சுத்தியலுக்கு உண்டு. ஆகவே சுத்தியலைப் பிடித்திருப்போரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. குறிப்பின் இறுதியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடிச்சட்டம், எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், உடற்பகுதி, விளக்குகள் என வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பழையது’, ‘இன்ன ஆண்டில் இன்னார் மாற்றியது’, ‘தெரியவில்லை’ என்னும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அது நேர்மையான சொல். வெட்கப்பட வேண்டியது ‘நம்பப்படுகிறது’ என்பதற்குத்தான்.

அப்படி எழுதினால் விலை குறையும் என்று வணிகர்கள் அஞ்சலாம். சில கார்களுக்குக் குறையும்; குறைய வேண்டியவை அவையே. 650 டாலருக்கு விற்கப்பட்டபோது இந்தக் கார் தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. என்ன எஞ்சின், எத்தனை கியர், என்ன எடை என்று விளம்பரத்தில் நேராகச் சொல்லித்தான் ஓல்ட்ஸ் ஆயிரக்கணக்கில் விற்றார். அதைப்போல் நூறு மடங்கு விலைக்கு விற்பவர்கள் அந்த அளவு நேர்மையையாவது காட்டட்டும். காரைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். மாற்றிச் செய்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.